ஆளில்லாதவனின் பதினோரு ஆட்கள்

பழைய பால்பண்ணைச் சாலை,
மே 14, வியாழக்கிழமை காலை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் லியோனல் பெட்டன்கோர்ட் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் டெல்மீரோ டோஸ்ட்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், ஒடீலியா, மூன்று வருடமாக எங்களோடு இருக்கும் உங்கள் அப்பா ஆகிய மூவரும் பரிசுத்த ஆவியின் தயவால் சௌக்கியம். சாக்ரமெண்டோவில் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முக்கியமாகத் தங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்சி சௌக்கியமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதை உண்டு இல்லை என்று ஆக்குவதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் கூரைக் காண்டிராக்டர் லைசென்ஸ் வாங்கியபோது, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வேலையாள் விபத்து இன்சூரன்ஸ். எனக்குத்தான் ஆளே கிடையாதே, நான் ஒண்டியாக ஏறி ஒண்டியாக இறங்குகிறவன் ஆயிற்றே என்றேன். "அதனால என்ன மாப்பிள்ளை? கூரைக்காரனுக்கு ஆள் இல்லாட்டியும் ஆளுக்கு இன்சூரன்ஸ் இருக்கணும். இந்த மாநிலத்துல அதுதான் சட்டம்" என்றீர்கள். சரி, நான் விழுந்தால் எனக்காவது ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். "நீங்க முதலாளி. முதலாளிக்கு இதுல ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. மாடே இல்லாதவன் மாதாமாதம் தீவனம் வாங்கிக் கொட்டுகிற மாதிரி ஏழு வருடமாக, இல்லாத ஆளுக்காக, எனக்கும் உதவாத இன்சூரன்ஸுக்குப் பிரீமியம் கட்டிக்கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டுக் குழாய்க்காரன் ஆர்வில் தனி ஆளாக வேலை செய்கிறான், அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. கூரைக்காரன் மட்டும் என்ன பாவம் செய்தான் என்று கேட்டால், கூரைக்காரர்கள் எல்லோரும் ஆளை வைத்துக்கொண்டே ஆள் இல்லை என்று சொல்லுகிறவர்களாம். ஊரில் யாரோ சொன்ன பொய்க்கு நான் அபராதம் கட்டுகிறேன், போகட்டும். நான் வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை. ஒடீலியாவின் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கட்டினேன்.

அதுவும் போதாது என்று வருடத்துக்கு ஒருமுறை தணிக்கை. மற்றவர்களுக்குப் போனில் கேட்டு முடித்துவிடுவார்கள், கூரைக்காரன் என்றால் ஆளே நேரில் வந்து பார்க்க வேண்டுமாம், அதற்கும் ஒரு சட்டம். வருடா வருடம் ஒருவர் எண்பது மைல் காரோட்டி வந்து, எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்பார். யாருமில்லை என்பேன். பூஜ்யம் என்று எழுதிக்கொள்வார். ஒடீலியா காப்பி கொடுப்பாள். குடித்துவிட்டுப் போவார். போன வருடம் வரைக்கும் ஆறு பூஜ்யம். இந்த வருடம் நான் செய்த முட்டாள்தனம் என்னவென்றால், இந்தத் தடவை வந்த திருமதி ஹால்வர்சனிடம், வீட்டில் நான் இருக்க மாட்டேன், தீவிலிருந்து வந்த எங்கள் ஆட்களுடைய சகோதர சங்கத்து மண்டபத்தில் கூரை போட்டுக்கொண்டிருப்பேன், அங்கேயே வந்துவிடுங்கள் என்று போனில் சொன்னதுதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நம் மண்டபத்து நிலைமை உங்களுக்கே தெரியும். போன குளிர்காலத்தில் மழை உள்ளே கொட்டி, பரிசுத்த ஆவித் திருவிழாக் கிரீடம் வைக்கிற மேடை வரைக்கும் ஒழுகிவிட்டது. ஓட்டுக்கும் எனக்கும் சங்கம் பணம் கொடுக்கிறது, ஆனால் பழைய ஓட்டைப் பிரித்து இறக்குகிற வேலையை மட்டும் எப்போதும் போல நேர்த்திக்கடனாக வைத்துக்கொண்டார்கள். நேர்த்திக்கடன் என்றால் நான் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சீவரீனோவின் பசு பிழைத்ததற்கு அவன் ஏறினான். சிறுநீரகக் கல் இறங்கினதற்கு எல்மானோ ஏறினான். மருமகள் ஊருக்குத் திரும்பிப் போனதற்கு ஒருத்தன் ஏறினான், பெயரைச் சொல்ல மாட்டேன். ஆக மொத்தம் பத்துப் பேர். எவனும் ஒரு டாலர் வாங்கவில்லை. மத்தியானம் புதினா போட்ட மாட்டுக்கறிக் குழம்பை ரொட்டித்துண்டுகள் மேல் ஊற்றி ஆளுக்கு ஒரு தட்டு, சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு இனிப்பு ரொட்டி. நம் ஊரில் யார் யாருக்காக வேலை செய்தாலும் இதுதானே வழக்கம்? சாப்பாடு போடாமல் ஒருத்தனைத் திருப்பி அனுப்பினால் என் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து என்னை அறைவாள்.

திருவிழாவன்று பூசைக்கு முன்னால் இன்னார் இத்தனை மணி நேரம் உழைத்தார் என்று பாதிரியார் பெயர் வாசிப்பார் அல்லவா? அதில் போன தடவை ஒரு மணி நேரம் கூடக் குறைய ஆகிவிட்டது என்று இரண்டு குடும்பங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அதனால் இந்தத் தடவை கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உங்கள் அப்பா தானே முன்வந்தார். யாரும் அழைக்கவில்லை. நாற்பது வருடம் பால்பண்ணை நடத்தினவர், ஒரு நிமிடம் தப்பினாலும் மாடு கோபித்துக்கொள்ளும் என்று வாழ்ந்தவர். ஏழு பத்துக்கு வந்தவனை ஏழு பத்து என்றுதான் எழுதினார், ஏழு என்று எழுதவே இல்லை. வந்த நேரம், சாப்பிடப் போன நேரம், திரும்பி ஏறின நேரம், போன நேரம், ரொட்டி வாங்கியாயிற்று என்று ஒரு குறி. நான்கு வாரக் கணக்கு, கோடு போட்டு, ஏணிக்கு அடியில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்திருந்தார்.

திருமதி ஹால்வர்சன் நல்ல அம்மாள்தான், குறை சொல்லக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார், எங்களோடு உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டார், இன்னொரு கரண்டி கேட்டார். நானும் பெருமையாக, பாருங்கள், இத்தனை பேரில் ஒருத்தர்கூட என் ஆள் இல்லை என்றேன். கை கழுவப் போனவர் ஏணியருகே நின்றுவிட்டார். தாளைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவை படித்தார். இருபது வருடத்தில் எந்தக் காண்டிராக்டரிடமும் இவ்வளவு சுத்தமான வருகைப் பதிவேட்டைப் பார்த்ததில்லை என்றார். இது வருகைப் பதிவேடு இல்லையம்மா, நேர்த்திக்கடன் என்று பதறிக்கொண்டு விளக்கினேன். பசுவைப் பற்றிச் சொன்னேன், கல்லைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் படிவத்தில் நேர்த்திக்கடனுக்குக் கட்டம் இல்லையாம். சாப்பாட்டுக்கு இருக்கிறதாம்.

அப்போதும்கூடத் தப்பித்திருக்கலாம், உங்கள் அப்பா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். யார் இதை எழுதினது என்று அந்த அம்மாள் கேட்டார். உங்கள் அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தாம்மா. இவங்கெல்லாம் என் மருமகனோட ஆளுங்க. நான் மேஸ்திரி."

நான் பின்னால் நின்று கையை ஆட்டுகிறேன், தலையை ஆட்டுகிறேன், அவர் பார்த்தால்தானே?

உங்களுக்கு என்ன கொடுக்கிறார் என்று அந்த அம்மாள் கேட்டார்.

"எனக்கு என்ன குறை? மூணு வேளை சாப்பாடு போடுறான். அவன் வீட்டுல எனக்குன்னு தனி ரூம் குடுத்திருக்கான்."

கூலி: உணவு, உறைவிடம் என்று அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். என் கண் முன்னால் எழுதினார், மச்சான்.

முந்தாநாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. என்னிடம் பத்து ஆளும் ஒரு மேஸ்திரியும் வேலை செய்வதாகத் தணிக்கையில் தெரியவந்திருக்கிறதாம். கூரை வேலை ஆபத்தான வேலை என்பதால் அவர்கள் கூலியில் ஏறக்குறைய பாதி அளவுக்குப் பிரீமியமாம். கூலியே கொடுக்கவில்லையே என்றால், கொடுத்திருந்தால் எவ்வளவோ அவ்வளவாம். வருகிற புதன்கிழமைக்குள் கட்டாவிட்டால் பாலிசி ரத்து. பாலிசி ரத்தானால் லைசென்ஸ் தானாக நின்றுவிடும், அதை ஒருத்தரும் கேட்கக்கூட வேண்டாமாம். லைசென்ஸ் நின்றால் இந்த மாநிலத்தில் நான் ஒரு நாய்க்கூண்டுக்குக்கூட ஓடு போட முடியாது. ஆளில்லாமல் இருந்தபோது ஆளுக்காகப் பணம் கட்டினேன், இப்போது ஆளில்லை என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்? திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கிறது. ஒருத்தரும் ஏறக்கூடாது என்று நேற்றே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மண்டபத்தின் பாதிக் கூரை திறந்து கிடக்கிறது, மேலே நீலத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மே மாதத்தில் மழையே பார்க்காத இந்தப் பள்ளத்தாக்கில் நாளைக்கு மழை என்கிறது ரேடியோ.

ஆகவே மச்சான், இந்தப் பாலிசியை என் தலையில் கட்டியவர் நீங்கள், அவிழ்க்க வேண்டியவரும் நீங்கள். ஏஜெண்ட் என்ற முறையில் கம்பெனிக்கு உடனே ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தப் பதினோரு பெயரும் என் ஆட்கள் இல்லை என்று எழுதுங்கள். முதலில் உங்கள் அப்பா பெயரை அடியுங்கள். பெற்ற மகன் நீங்கள் சொன்னால் நம்புவார்கள். அவர் மேஸ்திரியாம். ஒரு ஆணி அடித்திருப்பாரா? ஏணியில் மூன்றாம் படியில் நின்றுகொண்டு, அந்த ஓடு கோணல், இந்த ஆணி ஆழம் போதாது, எங்கள் தீவில் இப்படி ஒருத்தன் போட்டிருந்தால் ஊரை விட்டே துரத்தியிருப்பார்கள் என்று காலை முதல் மாலை வரை என் உயிரை எடுக்கிறார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இருப்பதைத்தான் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு கிழவர், எங்களை நம்பி இருப்பவர், வேலையாள் இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். இதே வார்த்தையில் எழுதினாலும் எனக்கு ஆட்சேபணையில்லை.

பரிசுத்த ஆவி தங்கள் வீட்டுக் கூரையையும் அதற்குக் கீழே உள்ளவர்களையும் காக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். ஒடீலியா தன் அன்பையும், போன மாதம் நீங்கள் வாங்கிக்கொண்டுபோய் இன்னும் திருப்பித் தராத பெரிய அண்டாவையும் நினைவுபடுத்தச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் மேல் கோபமாகவும் மரியாதையாகவும் இருக்கும்,
டெல்மீரோ டோஸ்ட்டி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒட்டின உறையைப் பிரித்து ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதீர்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. நேற்று ஒடீலியா உங்களுக்குப் போன் செய்து, அப்பா கீழே விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் சொல்லியிருப்பாள், நடந்ததை நான் சொல்கிறேன். மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு ஒட்டினபோது காற்று ஏறிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் ஒரு மூலையில் கழன்றுவிட்டது என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். மழை வந்தால் மண்டபம் போய்விடும், மருமகன் பெயர் கெட்டுப்போகும் என்று உங்கள் அப்பா தனியாகப் போய், மூன்றாம் படியெல்லாம் தாண்டி மேலேயே ஏறி, அந்த மூலையைக் கட்டியிருக்கிறார். கட்டி முடித்துவிட்டு இறங்கும்போதுதான் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பும் இரண்டு விலாவும் உடைந்திருக்கின்றன. முடிச்சை நான் பார்த்தேன், நான் போட்டதைவிட நன்றாக இருக்கிறது. இரவு மழை பெய்தது. மண்டபத்துக்குள் ஒரு சொட்டு விழவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு எங்கே அடிபட்டது என்று கேட்டாள். வேலையில் என்றார் உங்கள் அப்பா. தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறதே, என்ன வேலை என்று அவள் கேட்டாள். வலியில் முகமெல்லாம் வேர்த்திருந்தது, ஆனால் குரல் மட்டும் மாறவில்லை.

"மூணு வருஷமா மகள் வீட்டுல சும்மா உக்காந்து சாப்பிடுறேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லம்மா. நான் வேலை செய்யுறேன். இதோ நிக்கிறாரே, இவருதான் என் முதலாளி. நல்ல வேலைக்காரர், கேட்டுப் பாருங்க ஊர்ல."

மச்சான், என் சட்டைப்பையில் உங்களுக்கு எழுதின இந்தக் கடிதம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்தப் பெண் எனக்கும் ஒரு நாற்காலி போட்டாள். காலையில் நாலரைக்கு எழுந்து என் வண்டியில் ஆணியும் ஓடும் ஏற்றிவைப்பது யார் என்று இந்த மூன்று வருடத்தில் நான் ஒருநாள்கூட யோசித்ததில்லை. வண்டி தானாக நிறைகிறது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. திருமதி ஹால்வர்சன் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

ஆகவே மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். கம்பெனிக்கு ஒரு வார்த்தைகூட மறுத்து எழுத வேண்டாம். பதினோரு பேரும் என் ஆட்கள்தான். மீன் பிடிக்க ஆசையாக வைத்திருக்கிற என் படகை விற்கிறேன், திங்கட்கிழமை பணம் கட்டிவிடுகிறேன். வேலையாள் இல்லை என்று நான் எழுதிய அந்தப் பக்கத்தின் பின்புறத்தில்தான் இதை எழுதுகிறேன், அதனால் நானே கிழிக்கவில்லை; படித்ததும் எரித்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அப்பாவைப் பார்க்க வரும்போது அது உங்கள் பையில் இருக்கக்கூடாது. ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் கம்பெனியின் விபத்துப் படிவத்தை நீங்கள் நிரப்பும்போது அவர் பெயருக்கு நேராக மேஸ்திரி என்றே போடுங்கள். வெறும் ஆள் என்று போட்டுவிடாதீர்கள், அவருக்குக் கோபம் வரும்.