வளைகாப்பில் போட்ட ஷார்ட் பால்

சுங்காய்,
திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய ராமையா மச்சான் அவர்களுக்கு, தங்கை புருஷன் சீனி வணக்கத்துடன் எழுதுவது. சிலிம் ரிவரில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகமாக இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

நேற்று காம்பாரில் சம்பந்தி ஜெயபாலன் வீட்டில் நம் ஷாமினிக்கு வளைகாப்பு. வயிற்றுவலி என்று சொல்லி நீங்கள் தப்பித்துக்கொண்டீர்கள். வளையல் போட்டு, சாப்பிட்டு முடித்து, பிள்ளையைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அவர்கள் வீட்டுக் கூடத்தில் டெஸ்ட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. சுங்காயில் எல்லாரும் காற்பந்தும் பூப்பந்தும்தான் பேசுவார்கள் என்பதால், கிரிக்கெட் தெரிந்த சம்பந்தி வேண்டும் என்று கேட்டவன் நான். தேடிப் பிடித்துக் கொடுத்தவர் நீங்கள். ஆகவே இதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

எதிரணியின் கடைசி இரண்டு பேர் அவுட் ஆகாமல் உயிரை வாங்கினார்கள். இந்தியப் பந்துவீச்சாளரோ நெஞ்சுக்கு நேரே எகிறும்படி ஷார்ட் பாலாகவே குத்திக்கொண்டிருந்தார். சம்பந்தி, "அப்படித்தான்லா போடணும். பயந்து தூக்கி அடிப்பான், கேட்ச் வரும்" என்றார். "காலடியில யார்க்கர் போட்டா ஸ்டம்பு பறக்கும், எதுக்குங்க இந்த வீண் வேலை?" என்றேன். உடனே அவர் தாம்பாளத்திலிருந்த கண்ணாடி வளையல்களை எடுத்துப் பாயில் ஃபீல்டிங் வைக்க ஆரம்பித்துவிட்டார். சிவப்பு வளையல் ஷார்ட் லெக், பச்சை வளையல்கள் எல்லைக்கோட்டில், சந்தனக் கிண்ணம் விக்கெட் கீப்பர். வளையல் போட வந்த பெண்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆடுகளத்தில் பந்து எழும்பவே எழும்பாது என்று நிரூபிக்க நான் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் ஓங்கிக் குத்தினேன். எழும்பியது மச்சான். எழும்பிப் போய்க் குத்துவிளக்கில் பட்டு, விளக்கு அணைந்துவிட்டது.

பெண்கள் பதறி விளக்கை நோக்கி ஓடினார்கள். சம்பந்தி முகத்தில் மட்டும் சிரிப்பு. "பாத்தீங்களா, எகிறிச்சா இல்லையா?" என்கிறார். "இது பழம், பந்து இல்லைங்க" என்று நான் குரலை உயர்த்த, அவரும் உயர்த்த, கடைசியில் சம்பந்தியம்மா நவமணி நடுவில் வந்து, "விளக்கு அணைஞ்சிருச்சு. இன்னிக்குப் புள்ளைய அனுப்ப முடியாது, நீங்க போங்க" என்று முடித்துவிட்டார். மகளைக் கூட்டிவரப் போனவர்கள் மிச்சப் புளிச்சோற்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம்.

உங்கள் தங்கை மங்களம் என்னோடு பேசுவதில்லை. டிவி ரிமோட்டை எங்கேயோ ஒளித்துவிட்டாள். ஷாமினிக்காகப் புதிதாகச் சாயம் அடித்த அறையில் கட்டில் காலியாகக் கிடக்கிறது. ரோட்டில் கார் சத்தம் கேட்டாலே எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். ஒரே பிள்ளை, தலைப்பிரசவம், அப்பன் வாயால் எல்லாம் கெட்டது. எனக்கு அழுகையாக வருகிறது மச்சான்.

ஆகையால் நீங்கள் உடனே காம்பார் போய், ஷார்ட் பால்தான் சரி என்று நான் ஒப்புக்கொண்டதாகச் சம்பந்தியிடம் சொல்ல வேண்டும். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். காலடியில் போட்டால் அவன் மட்டையை நட்டுவைத்துத் தடுத்துக்கொண்டே இருப்பான், எகிறினால்தான் பதறுவான். மனதார நம்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். முருகன் உங்கள் காரைப் பத்திரமாகக் காம்பார் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

தலைகுனிந்து,
சீனி

பின்குறிப்பு: காம்பார் போக வேண்டாம். கையெழுத்துப் போடும்போதே வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை தீபன் ஓட்டிவர, ஷாமினி பையோடு இறங்கினாள். கூடவே சம்பந்தி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுதான் சரி சம்பந்தி. ராத்திரி பூரா யோசிச்சேன், யார்க்கர்தான்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இல்லைங்க, ஷார்ட் பால்தான்" என்றேன். பேச்சு முற்றிவிட்டது. ஷாமினி வாசற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று பார்த்தாள். பிறகு, "அம்மா, பைய கார்ல போடுங்க, நீங்களும் வாங்க. ராமையா மாமா வீட்டுக்குப் போலாம். அங்க யாருக்கும் கிரிக்கெட் தெரியாது" என்றாள். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மேட்ச் முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்கிறேன். சம்பந்தி இங்கேதான் இருக்கிறார். ரிமோட் எங்கே என்று மங்களத்திடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.