அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஓர் உத்தியோகம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. அடுத்த வீட்டில் பிள்ளை பிறந்து தொப்புள்கொடி விழுவதற்குள் அதற்கு என்ன உத்தியோகம் என்று தீர்மானித்துவிடும் வகை. பெற்றவர்கள் பெயர் வைப்பதற்கே பூசாரியைக் கேட்டு, பாதிரியாரைக் கேட்டு, மாமனோடு சண்டை போட்டுத் திண்டாடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "நெத்தி அகலமா இருக்கு, கிராணி வேலைக்குப் போட்டுருங்க" என்று ஆணையிட்டுவிட்டு, கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போய்விடுவார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால் உங்கள் வீட்டில் பிள்ளையே இல்லை என்று அர்த்தம்.

இவர்களை நான் உத்தியோக வள்ளல்கள் என்பேன். தம்மிடம் இல்லாததை இப்படி வாரி வழங்க வேறு யாரால் முடியும்?

நான் கண்ட வள்ளல்களில் முதல்வர் எங்கள் தோட்டத்துச் சின்னக் கிராணி, அதாவது சின்னக் குமாஸ்தா, சிவானந்தம். மலாயாவில் கோலசிலாங்கூரிலிருந்து ஆறு மைல் உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். வருஷம் ஐம்பத்தொன்று, அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டாகிவிட்டது. மாலையில் வாசலைச் சாத்தினால் விடியும்வரை ஓர் ஆடு கூட வெளியே போக முடியாது. எல்லோரும் அந்த வேலியைச் சபித்தோம். சிவானந்தத்துக்கு மட்டும் அது வரப்பிரசாதம். முன்பெல்லாம் அவர் வாயைத் திறந்தால் ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள். இப்போது எங்கே நழுவுவது?

அதிலும் காலை வரிசை இருக்கிறதே, அதுதான் அவருடைய ஆபீஸ். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று போலீஸ்காரர்கள் பால் வாளியைத் திறந்து, மடியை உதறச் சொல்லி, ஐசி என்ற அடையாளக் கார்டையும் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்து அனுப்புவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அந்த முக்கால் மணி நேரமும் சிவானந்தம் வரிசையின் தலைக்கும் வாலுக்குமாக நடந்து உத்தியோகம் வழங்கிக்கொண்டிருப்பார்.

"சமூகம் முன்னேறணும்னா பொருளாதாரம் முன்னேறணும். பொருளாதாரம் முன்னேறணும்னா லயத்துக்கு ஒரு கிராணி வேணும்."

"எல்லாரும் கிராணியாயிட்டா மரம் வெட்டிப் பால் எடுக்கிறது யாருலா?" என்று கேட்டான் எனக்கு முன்னால் நின்ற வீரன், தோளுக்கு மிஞ்சிய மகனுக்குத் தகப்பன்.

"ஆள் இல்லைன்னு எழுதி வைக்க இன்னொரு கிராணி தேவைப்படும்ல? அங்க ஒரு வேலை காலியாகுதா இல்லையா?"

அந்தக் கணக்கை இன்றுவரை யாராலும் உடைக்க முடியவில்லை.

இவ்வளவு யோசனை சொல்கிறவர் தமக்கு எப்படி வேலை தேடினார் என்று கேட்பீர்கள். தேடவே இல்லை. பெரிய கிராணியின் மகளைக் கட்டினார், மறுவாரம் சின்னக் கிராணி ஆனார். இருபத்திரண்டு வருஷமாக ரப்பர் பாலை எடை போட்டு எழுதிவந்தார். ஆயுளில் ஒரு மனுப் போட்டவர் இல்லை. அவருடைய சொந்த மகனா? வீட்டில் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். "அவனுக்கு இன்னும் நேரம் வரலை" என்பார்.

ஐம்பத்தொன்றில் அவர் 'வாலிபர் உத்தியோக வழிகாட்டிச் சபை' ஆரம்பித்தார். தலைவர் சிவானந்தம். காரியதரிசியும் அவரே. வேலிக்குள் இருந்த வாலிபர் அத்தனை பேரும் உறுப்பினர்கள். சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. வெளியே போக வழியில்லை.

இந்தச் சபைக்கு அடங்காத ஒரே ஆள் முரியல். லோரி டிரைவர் காப்ரியலின் மகள். பத்தொன்பது வயது. அப்பாவின் லோரியிலேயே டவுனுக்குப் போய்க் கன்னியர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள். நர்ஸ் பயிற்சிக்குத் தானே விண்ணப்பப் பாரம் நிரப்பி, தகப்பனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பி, நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதமும் வாங்கிவிட்டாள். அந்த வருஷம் தவறினால் வயது தாண்டிவிடும். பிறகு அவளும் எங்களோடு வாளி தூக்க வேண்டியதுதான்.

"நர்ஸா?" என்றார் சிவானந்தம். "ஊசி, ரத்தம், கண்ட நேரத்துல வேலை. ஒனக்கு நான் வேற பாத்து வச்சிருக்கேன்."

அவர் பார்த்து வைத்திருந்தது இதுதான். கிள்ளானில் ஒரு கம்பெனியில் கிராணி வேலை காலி என்று பேப்பரில் வந்திருந்தது. காலி ஒன்றே ஒன்று. நம் வள்ளல் அதற்குப் பதின்மூன்று மனுக்களை இங்கிலீஷில் எழுதினார். சபையின் பன்னிரண்டு வாலிபர்கள் பேரில் பன்னிரண்டு, கேட்காமலே முரியல் பேரில் ஒன்று. கையெழுத்துகளையும் அவரே போட்டார். மனுவில் ஒரு துயரம் இருந்தால்தான் கம்பெனித் துரை மனம் இளகும் என்பது அவர் கொள்கை. அதனால் பதின்மூன்றிலும் ஒரே வாசகம்: 'என் தகப்பனார் காலமாகி இரண்டு வருஷமாகிறது.' தகப்பன்மார் அத்தனை பேரும் தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

துரை மனம் இளகவில்லை. அவர் போலீசுக்குப் போன் போட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை, நாங்கள் வரிசையில் நிற்கும்போது ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் இன்ஸ்பெக்டர் ஜூலியஸ், பினாங்குத் தமிழர். கையில் ஒரு கட்டுக் கடிதம். வாசலைச் சாத்தச் சொன்னார்.

"இந்தத் தோட்டத்துல பதிமூணு பேரு செத்துட்டதா அவங்க புள்ளைங்களே எழுதியிருக்காங்க. ஆனா பதிமூணு பேரு அரிசி கார்டுலயும் வாரா வாரம் அரிசி வாங்கியிருக்காங்க. செத்தவன் அரிசி எங்க போகுது?"

அரிசி காட்டுக்குப் போனதாக முடிவானால் ஜெயில், அதற்கு மேலும் போகலாம். இன்ஸ்பெக்டர் பேர்களைப் படிக்கப் படிக்க, செத்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள்.

"அய்யா, நான் சாவலை" என்றான் வீரன். "நேத்துகூட பல்லு வலின்னு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்கிட்ட போனேன். புத்தகத்துல எழுதியிருப்பாரு, பாருங்க."

இன்னொருவர் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சியாக இருமிக் காட்டினார். மூன்றாமவர் ஐசியை லயத்தில் வைத்துவிட்டு வந்தவர், எடுத்துவர ஓடினார். 'செத்தவன் ஓடுறான், புடி!' என்று ஒரு போலீஸ்காரர் அவர் பின்னாலேயே ஓடினார். நாங்கள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றோம். அத்தனை பேர் சொன்னதும் இன்ஸ்பெக்டர் காதில் ஏறவில்லை. மனுக்களை எழுதியது யார் என்று தெரிகிறவரை வாசல் திறக்காது என்றார்.

முரியல் வெள்ளைச் சட்டையும் காலில் பாலீஷ் போட்ட சப்பாத்துமாக நின்றிருந்தாள். சந்திப்பில் ஏழரைக்குப் பஸ். அவள் முன்னால் போய், போன மாசம் தகப்பனார் கையெழுத்தோடு வந்த பாரத்தைக் குறிப்பிட்டிருந்த நேர்முகக் கடிதத்தை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார், மனுக் கட்டையும் பார்த்தார். "ஒங்கப்பா காப்ரியல் செத்து ரெண்டு வருஷம்னு எழுதியிருக்கே. போன மாசம் ஒன் பாரத்துல எப்படிக் கையெழுத்துப் போட்டாரு?"

"நான் செத்துட்டேனாம்மா?" என்றார் காப்ரியல் மகளிடம். மனிதர் நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார்.

"அந்த மனு நான் எழுதல அய்யா."

"வேற யாரு?"

எங்கள் கண்கள் எல்லாம் சிவானந்தத்தின் மேல். அவர் வேலிக் கம்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. பால் நிறுக்கிற கிராணியைக் காட்டிக்கொடுத்துவிட்டு மறுநாள் யார் முன்னால் வாளியோடு நிற்பது? மணி ஏழு இருபது.

முரியல் அந்த மனுவைக் கேட்டு வாங்கினாள். படித்தாள். பிறகு தோட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

"இங்கிலீஷ் ரொம்ப மோசம் அய்யா. மூணாம் வகுப்புப் புள்ளைகூட இப்படி எழுதாது."

"எங்க மோசம்?" என்று ஒரு கர்ஜனை. சிவானந்தம் வரிசையைப் பிளந்துகொண்டு வந்தார். "எந்த வரி மோசம்? காட்டு பாப்போம்! இருபத்திரண்டு வருஷமா நான் எழுதின இங்கிலீஷ்ல துரையே ஒரு புள்ளி மாத்தினதில்ல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் ஜீப்பின் மேல் சாய்ந்து சிரித்தார். பிறகு அவரை அங்கேயே உட்காரவைத்து, கம்பெனிக்குப் பதின்மூன்று கடிதங்கள் எழுதச் சொன்னார்: 'முன் கடிதத்தில் காலமான என் தகப்பனார் தற்போது நலமாக இருக்கிறார்.'

"வாசலைத் திற. அந்தப் புள்ளை போகட்டும்."

முரியல் ஓடினாள். அப்போது நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கைதட்டினோமா? இல்லை. "கையை ஆட்டிப் பேசாத!" என்றது ஒரு குரல். "டீச்சர் வேலை இருக்கான்னும் கேட்டு வை!" என்றாள் வரிசையில் நின்ற சின்னத்தாய். "டைப் அடிக்கப் படி, துட்டு வரும்!" என்றான் ஐந்து நிமிஷத்துக்கு முன்பு செத்துப் பிழைத்த வீரன். நானா? வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முரியல், தபாலாபீஸ்! உக்காந்த வேலை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் வாசலுக்கு வெளியே நின்று திரும்பினாள்.

"ஒங்கள்ல ஒருத்தராச்சும் எனக்கு என்ன புடிக்கும்னு கேட்டிருக்கீங்களா?"

பதிலுக்கு நிற்கவில்லை. நல்லவேளையாகச் சந்திப்பில் பஸ்ஸையும் போலீஸ் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு அது கிடைத்தது. மறு வருஷம் லீவில் வந்தபோது நர்ஸ் உடுப்போடு வந்தாள். "அன்னிக்கு நான் வாயைத் தொறக்கலைன்னா இவ நர்ஸ் ஆகியிருப்பாளா?" என்று சிவானந்தம் வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டு போனார். என்ன செய்வது, அது உண்மைதானே!

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று ஒரு கிராணியையே மடக்கிய இந்தப் பெண், பேசாமல் வக்கீலுக்குப் படித்திருக்கலாமே என்று நடுவில் ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியதா இல்லையா?

தோன்றியதா? வெட்கப்படாதீர்கள். வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.