அப்பாவைக் கொன்ற விண்ணப்பம்

என் அப்பாவை நான் பதினாறு வயதில் கொன்றேன். ஆயுதம், ஆங்கிலம். அதன் பிறகும் அவர் முப்பது வருஷத்துக்கு மேல் நன்றாகச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, என்னைத் திட்டி வாழ்ந்தார் என்பதால் போலீஸ்வரை போகவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்திருந்தேன். (முதலாவதாக வந்தவனைப் பற்றி இங்கே பேச்சில்லை.) திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. படிக்க இடமும் கிடைத்துவிட்டது. கட்டணமும் விடுதிப் பணமும் கட்டத்தான் வழியில்லை. அப்பா வேலை பார்த்த விசைத்தறிக்கூடத்தை அந்தப் பங்குனியில் மூடிவிட்டார்கள். நூல் விலை ஏறிவிட்டது, கரண்டும் பாதி நாள் இல்லை. அப்பா வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா வந்து, "வட்டிக்கு நான் வாங்கித் தாரேன் அத்தான், பையன் படிக்கட்டும்" என்றார்.

"வேண்டாம் மாப்ள. இவன் படிச்சு முடிச்சு வெளிய வரும்போது கையில டிகிரி இருக்கும், கழுத்துல கடன் இருக்கும். ஏலே கோமதிநாயகம், உதவித்தொகை எங்கன தாராங்கன்னு நீயே தேடு. கிடைச்சா காலேஜு. இல்லன்னா மாமன் தறியில நூல் சுத்து."

தேடினேன். அறிவிப்புப் பலகை, வடை மடித்து வந்த செய்தித்தாள், ஒன்றையும் விடவில்லை. நெசவாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இருந்தது. ஆனால் அப்பா வேலை பார்க்கிறார் என்று முதலாளி எழுதித் தர வேண்டும். வேலை இல்லாததால்தானே உதவி கேட்கிறோம் என்றால், அந்த அலுவலகத்துக் குமாஸ்தா என்னை வேற்றுமொழிக்காரனைப் போலப் பார்த்தார். கடைசியில் பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை இருப்பதாகத் தெரிந்தது. குடும்ப நிலையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதமாக எழுதி அனுப்பினால் போதுமாம்.

தமிழில் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் அப்போது சங்கரன்கோவிலில் எனக்கு நிகராக ஆங்கிலம் தெரிந்தவர் எவருமில்லை என்று ஒருவர் உறுதியாக நம்பிவந்தார். அந்த ஒருவர் நான்தான். பள்ளி நூலகத்து அகராதியை வாங்கிவந்து, 'முடிந்துவிட்டது' என்பதற்கு ஒரு கம்பீரமான சொல்லைத் தேடினேன். கிடைத்தது. அப்பாவின் வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். 'வேலை'யை எங்கே வைப்பது என்று தெரியாததால் அதைத் தூக்கிவிட்டேன். எழுதியது இதுதான்:

"மை ஃபாதர் எக்ஸ்பயர்ட் இன் மார்ச். சின்ஸ் தென் ஹி இஸ் சிட்டிங் இன் தி ஹவுஸ்."

அதாவது, என் தந்தை மார்ச் மாதம் காலமானார். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். வெள்ளை ஜிப்பா போட்டு, குடையும் தோல்பையுமாக வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அறக்கட்டளை அனுப்பியவர். பெயர் சாலமோன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"சங்கரலிங்கம் வீடு இதுதானா?"

"ஆமா ஐயா, வாங்க, உக்காருங்க" என்று அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

சாலமோன் ஐயா என் தலையில் கை வைத்தார். "தைரியமா இருக்கணும் தம்பி. அப்பா வீட்டுலயே உட்கார்ந்திருக்காருன்னு எழுதியிருந்த பாரு, எங்க தலைவர் அதை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாரு. கண் கலங்கிட்டாரு. செத்தவங்க நினைவு வீட்டைவிட்டுப் போகாதுங்கறதை இந்தச் சின்ன வயசுல எவ்வளவு அழகாச் சொல்லிட்டான்னாரு."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்தச் சொல்லின் முழு அர்த்தமும் புரிந்தது.

"உன்னைத் தகப்பனில்லாப் பிள்ளைகள் திட்டத்துல சேர்த்திருக்கோம். டிகிரி முடிக்கிற வரைக்கும் எல்லாச் செலவும் எங்களுது."

அப்பா சொம்போடு வந்தார். சாலமோன் ஐயா அவரைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "இவங்க யாரு தம்பி?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். கல்லூரி, விடுதி, டிகிரி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. வாய் தானாகச் சொன்னது:

"எங்க பெரியப்பா."

அப்பா நின்றார். சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தளும்பிக் கீழே விழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொம்பை வந்தவர் கையில் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி போனது உங்களுக்கும் பெரிய இழப்புதான்" என்றார் சாலமோன் ஐயா.

"எந்தத் தம்பி?" என்றார் அப்பா.

நான் பலமாக இருமினேன்.

"துக்கத்துல பேச்சு வரலை. பரவாயில்லை. ஒரு சின்ன ஜெபம் பண்ணலாமா?"

யாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர் கேட்டால் மறுக்கிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. கண்ணை மூடினார். சாலமோன் ஐயா மனமுருகி ஜெபித்தார். இந்த வீட்டின் தலைவரைத் தேவரீர் உம்மிடம் அழைத்துக்கொண்டீர், இவர்களுக்கு ஆறுதல் தாரும் என்றெல்லாம் சொன்னார். மிஷன் பள்ளியில் ஐந்தாவதுவரை படித்த அப்பா, தன் மரணத்துக்குத் தானே தெளிவாக "ஆமென்" சொன்னார்.

கண்ணைத் திறந்தால் வாசலில் அம்மா. தலை நிறையப் பூ. நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். கையில் கோவில் புற்றுமண். வந்தவரைக் கவனிக்காமல் நேரே அப்பாவிடம் போனாள். "நெத்தியக் காட்டுங்க" என்று புற்றுமண்ணைப் பூசிவிட்டு, "ரெண்டு நாளா முழங்கால் வலிக்குன்னியளே, அங்கனயும் கொஞ்சம் தடவிக்கிடுங்க" என்றாள்.

சாலமோன் ஐயா விருட்டென்று எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டார். கணவர் போய் நாலு மாதம்கூட ஆகாத வீட்டில், மூத்தாரின் நெற்றியில் மண் பூசும் ஒரு பெண்ணை அவருடைய ஊழியக் காலத்தில் பார்த்திருக்கமாட்டார்.

"ஐயா, உக்காருங்க" என்றார் அப்பா. "நான்தான் செத்தவன்."

அம்மா கையிலிருந்த மிச்சப் புற்றுமண் தரையில் கொட்டியது.

பிறகு நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சாலமோன் ஐயாவிடமிருந்து என் கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"எக்ஸ்பயர்டுன்னா செத்துப்போறதாலே?"

"ஆமாப்பா. தெரியாம எழுதிட்டேன்."

"அது சரி. இங்கிலீசுல தெரியாம எழுதிட்ட. பெரியப்பான்னு தமிழ்லதானலே சொன்ன?"

அந்தப் பெரியப்பாவுக்கு எந்த அகராதியும் சாக்குச் சொல்லியிருக்காது.

சாலமோன் ஐயா குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு. அடக்கிப் பார்த்து முடியாமல் அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். அம்மாவுக்கு இன்னும் விஷயம் புரிந்தபாடில்லை. "இந்தா குத்துக்கல்லாட்டம் இருக்காவ, இவுகளயா செத்துட்டாகங்கிய?" என்று சண்டைக்கே போய்விட்டாள்.

"பழைய திட்டம் கிடையாது தம்பி" என்றார் அவர் கடைசியில். "வேலை போன குடும்பத்துக்குன்னு ஒண்ணு இருக்கு. பாதிச் செலவு தருவோம். ஆனா ஏற்கெனவே இறந்துட்டாருன்னு எங்க புத்தகத்துல எழுதியாச்சு. உயிரோட இருக்காருன்னு கிராம முன்சீப்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பு."

மறுநாள் அப்பாவும் நானும் போனோம். முன்சீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செத்துப்போனா சர்ட்டிபிகேட் உண்டும். இருக்கதுக்கு என்னன்னுவே எழுத?"

"எனக்கும் இது புதுசுதான்" என்றார் அப்பா. "பையன் படிச்சவன். அவன்ட்ட கேளும்."

முன்சீப் அரைமணி நேரம் யோசித்து இப்படி எழுதினார்: 'மேற்படி சங்கரலிங்கம் என்பவர் இன்று காலை என் முன் நேரில் வந்து நின்று, பேசி, ஒரு டீயும் குடித்தார்.' கீழே முத்திரை குத்தினார். அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. பாதிச் செலவு அதில் போனது. மீதிக்கு, விடுதியில் பரிமாறியும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் சமாளித்தேன். (ஆங்கிலம் மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.) ஒரு காசு கடன் இல்லாமல் பட்டம் வாங்கினேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் எந்தப் படிவத்தை விரித்தாலும் அப்பா எங்கிருந்தாலும் வந்து, என் கண் முன்னால் ஒருமுறை குறுக்கே நடந்து, "இருக்கேம்லே" என்று சொல்லிவிட்டுப் போவார். ரேஷன் கார்டு, வேலைக்கு மனு, வீட்டுக் கடன், எதுவும் தப்பவில்லை. என் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்கு எழுதியபோது பெண்வீட்டார் முன்னாலேயே நடந்து காட்டினார்.

எண்பத்து மூன்று வயதில் அவர் போனார். தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல். ஒரு மாதம் கழித்து மின் இணைப்பைப் பெயர் மாற்ற அம்மாவைக் கூட்டிக்கொண்டு மின்வாரிய அலுவலகம் போனேன். படிவத்தில் அப்பாவின் பெயருக்கு எதிரே அந்த ஆங்கிலச் சொல்லை எழுத வேண்டும். யாராவது குறுக்கே நடக்கிறார்களா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். அப்புறம் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னன்னு எழுதியிருக்க?"

சொன்னேன்.

"இந்த மட்டம் சரியா எழுதிட்டியே மக்கா" என்றாள்.

அவள்தான் முதலில் சிரித்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கும் இந்த இருவரிடமும் இறப்புச் சான்றிதழைக் கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.