லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

சாமியை நினைக்காமல் நான் ஒரு பால் பாக்கெட்டைக்கூடப் பிரிப்பதில்லை. (வீட்டில் இதைப் பக்தி என்று யாரும் சொல்வதில்லை, வியாதி என்கிறார்கள்.) அந்த வியாதிதான் என் மகள் கவிதாவின் கடைசி வருடப் பரீட்சைக்குள்ளும் புகுந்தது.

இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே பிளாஸ்டிக்கில் உருவமாக்கித் தரும் த்ரீ-டி பிரிண்டர் வேறு ஊரில், ஒரு பெரிய லேபில் இருந்தது. இங்கே சாரத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து இவள் தட்டினால் அங்கே அது ஓடும். பரீட்சை நடத்தும் சார் லேபில் இருந்தார். இவள் முகம் அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மறைந்தால் லைனை வெட்டிவிடுவார்கள், பரீட்சை போச்சு. (முன்னாடியே சொல்லியிருந்தாள். காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.)

தட்டினாள். எங்கோ இருந்த மெஷினின் மூக்கு திரையில் அசைந்தது. கோலமாவு இழைபோல ஒரு கோடு, அதன்மேல் இன்னொரு கோடு. வெறும் தட்டில் ஒரு பல்சக்கரம் முளைக்க ஆரம்பித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் வயிற்றில் பிறந்தவள் இங்கே விரலை அசைக்கிறாள், அங்கே ஒன்று உருவாகிறது. பிள்ளையாரே! இதற்கு ஒரு பொட்டுகூட வைக்காமலா?

சந்தனம் குழைத்து, குங்குமம் தொட்டு, அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டினேன். லேப்டாப்பின் உச்சி நடுவில், பொட்டுக்கென்றே அளவெடுத்ததுபோல ஒரு சின்ன வட்டம். அழுத்தி வைத்தேன்.

"ஐயோ, இன்னாம்மா பண்ணிட்ட! அது கேமராம்மா!"

"கவிதா, முகம் தெரியல. கேமராவ ஏன் மூடுன?" சாரின் குரல்.

முந்தானையால் துடைத்தேன். சந்தனம் இன்னும் அழகாகப் பரவியது. கவிதா அழுதேவிட்டாள்.

"சார், புள்ள மேல தப்பில்ல சார்! நல்லா நடக்கணும்னு நான்தான் பொட்டு வச்சிட்டேன். லைன மட்டும் கட் பண்ணிடாதீங்க!" லேப்டாப்பைப் பார்த்துக் கும்பிட்டேன். (என் கும்பிடும் அவருக்குத் தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை.)

பிறகு லேபின் கேமராவை சார் மெல்ல மேலே திருப்புவது திரையில் தெரிந்தது. மெஷினின் உச்சியில், ஆயுத பூஜைக்கு வைத்துக் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும்!

"நாங்களும் வச்சிருக்கோம்மா," என்றார் சார். "ஆனா நெத்தியில வச்சோம். நீங்க கண்ணுல வச்சிட்டீங்க. ஈரத்துணியால தொடைங்க, இருக்கேன்."

சக்கரம் நல்லபடியாக வந்தது. கவிதாவும் பாஸாகி, இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறாள். நான் வீடியோ காலில் கூப்பிட்டால் எடுத்ததும் அவள் சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்பதில்லை.

"மொதல்ல வெரல காட்டும்மா!"

காட்டுகிறேன். (பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும்.)