கயர் மாஸ்டரின் வாழைச்சாறு

தன் வீட்டில் சமைக்கிற குசினிக்குத் தானே நெருப்பு வைத்த மனிதர் கயர் மாஸ்டரைத் தவிர இந்த உலகத்தில் வேறு எவரும் இருக்க முடியாது. அதுவும் நாலு தரம்.

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம். உருத்திரபுரத்தில் நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். சின்ன வகுப்புக்குத் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்தான். பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் சாய்ப்புப் பத்தி அதோடு ஒட்டியபடி. நடுவில் மறைப்புக்கு ஒரு கிடுகுத் தட்டி. என் மகளும் அந்தக் கொட்டிலுக்குள்தான் படித்தாள்.

"ஒரு பொறி காணும் ஐசே. பிள்ளையள் வெளியில வர முந்தி எல்லாம் முடிஞ்சிடும்," என்று என்னிடம் சொன்ன நாளிலிருந்து மாஸ்டருக்கு நித்திரை இல்லை.

முதலில் வவுனியாவிலிருந்து ஏதோ தீத்தடுப்பு மருந்து வாங்கி வந்து தன் குசினிக் கூரைக்கு அடித்துக் கொளுத்திப் பார்த்தார். நெருப்பு நின்றது, புகை நிற்கவில்லை. இருமி இருமி எங்களுக்குக் கண் பிதுங்கியது. புகையை அடக்க ஊற்றி, கூரையால் வடிந்த தண்ணீரைக் குடித்த இரண்டு கோழிகள் அந்த இடத்திலேயே சரிந்தன.

"நெருப்பில தப்பிற பிள்ளையளை நஞ்சு வைச்சுக் கொல்லப்போறியளோ?" என்று மாஸ்டரின் மனைவி பிடித்துக்கொண்டார்.

அந்தக் கேள்விதான் அவரை வாழைத் தோட்டத்துக்குத் துரத்தியது. குலை வெட்டிய வாழையின் தண்டை இடித்துப் பிழிந்தார். "இதைக் கோழி குடிச்சாலும் ஒண்டும் செய்யாது!" உடுப்பெல்லாம் வாழைக் கயர்க் கறை பிடித்து, அந்தப் பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது. சாற்றைப் பூசிப் பூசிப் பார்த்ததில் குசினி இன்னும் மூன்று தரம் எரிந்தது.

பிறகு பெற்றார் கூட்டம். சாற்றில் ஊறிக் காய்ந்த சாரத்தை இடுப்பில் உடுத்துக்கொண்டு வந்து நின்று, என்னிடம் நெருப்புப் பெட்டியை நீட்டினார்.

"கொளுத்தும் ஐசே!"

"மாஸ்டர், உங்களுக்கென்ன விசரோ?"

தானே குச்சியைத் தட்டிச் சாரத்தின் நுனியில் வைத்தார். ஐயோ! பெண்கள் குளறினார்கள். அதிபர் கதிரையோடு பின்னுக்கு விழுந்தார். உள்ளங்கை அளவு கருகியதும் நெருப்பு தானாக அணைந்தது.

பின்னாலிருந்து ஒரு தாய் கேட்டார்: "மழை பெய்தால் கழுவுப்பட்டுப் போகாதோ, மாஸ்டர்?"

மாஸ்டர் கருகின நுனியைக் குனிந்து பார்த்தார். "ஓம் பிள்ளை. அதை நான் யோசிக்கேல்லை."

எல்லாரிலும் பலமாகச் சிரித்தவன் நான்தான்.

மழை படாத இடம் அந்த நடுத்தட்டி ஒன்றுதான். கிழமைக்கு ஒரு தரம் அதற்கு மட்டும் சாறு பூசினார். ஒரு பங்குனி வெயிலில் கஞ்சிப் பத்தி குபீரென்று பற்றிக்கொண்டது. நான் பதறியடித்து ஓடினேன். தட்டி கருகியதே தவிர உடனே பற்றவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பிள்ளைகள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தட்டியும் சரிந்தது, கொட்டிலும் எரிந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், மாஸ்டர் தலையில் கைவைத்தபடி நிலத்தில் இருக்கிறார்.

"கடைசியில எரிஞ்சிட்டுதே ஐசே... தோத்துப்போனன்."

"விசர் மனுசன்!" என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட வரவில்லை.