பல்லியார் உத்தரவு

பல்லி கண் சிமிட்டுமா? சிமிட்டாது. உங்கள் வீட்டுச் சுவரில் ட்யூப்லைட் ஓரமாகப் பூச்சிக்குக் காத்திருக்கிறதே, அதற்கு இமையே கிடையாது. ஆனால் மரச்சாமான் கடை மாடி ஹாலில் வீற்றிருந்த பல்லியார் சிமிட்டினார். மஞ்சள் மேனி, உடம்பெல்லாம் கரும்புள்ளி, கட்டைவிரல் தடிமனுக்கு வால். அவர் ஒரு தடவை இமைத்தால் முன்வரிசையில் நாலு பேர் விசும்பினார்கள். இரண்டு தடவை இமைத்தால் ஒருவர் மயங்கி விழுந்தார். விழுகிறவர்களைக் கிடத்த வாசலில் நிரந்தரமாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கே வரிசை மாடிப்படி இறங்கி, தையல் கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை போய்விடும். வங்கி அதிகாரி, கணக்கு வாத்தியார், பிள்ளையைத் தூக்கிய தாய், ஒரு வக்கீல்கூட. நாள் முழுக்க மற்றவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கிற வக்கீல், இங்கே வாய்மேல் கை வைத்து நின்றார்.

நடைமுறை எளிது. மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கு மெல்லிய தகரத் தரை. இந்தக் கோடியில் ஒரு குட்டிக் குகை, மேலே 'ஆம்'. அந்தக் கோடியில் இன்னொன்று, மேலே 'வேண்டாம்'. நடுவில் பல்லியார். நீங்கள் கேள்வியைச் சொல்ல வேண்டும். பெட்டியை வெல்வெட் துணியால் மூடிவிட்டு, தாடி வைத்த ஒருவர் கால் மணி நேரம் மௌனம் காப்பார். "நான் ஒண்ணுமே இல்லீங்க, பல்லியாரோட வெறும் தொண்டன்" என்று அவர் ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொன்னதால் எல்லோரும் தொண்டர் ஐயா என்றே கூப்பிட்டார்கள். மௌனம் முடிந்து துணி விலகும். பல்லியார் மெல்ல, மிக மெல்ல நடந்து ஏதாவது ஒரு குகைக்குள் போவார். அதுதான் உத்தரவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்த விவரமெல்லாம் மெக்கானிக்கின் காதுக்கு அக்கா மூலமாகத்தான் வந்தது. அவன் ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். அக்கா பக்கத்துத் தெரு. மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி என்று டாக்டரிடம் போனாள். "எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்மா, தள்ளிப் போடாதீங்க" என்று டாக்டர் வியாழக்கிழமை காலைக்கு நாள் குறித்தார். அக்கா தலையாட்டிவிட்டு நேராக மாடி ஹாலுக்குப் போனாள். பல்லியார் 'வேண்டாம்' குகைக்குள் புகுந்துகொண்டார்.

"வரலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்டா" என்றாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. மழை வரும்போல இருக்கு, துணி எடுத்துட்டேன் என்பது மாதிரி.

"அக்கா! ஒரு பல்லி சொல்லிச்சுன்னா?"

"கண் சிமிட்டுதுடா! பல்லி எங்கேயாவது கண் சிமிட்டுமா?"

"என் ரூம்ல இருக்கிற பதினெட்டும் சிமிட்டும். அது லெப்பர்டு கெக்கோ. அந்த ஜாதிக்கு இமை உண்டு. வந்து பாரேன்."

"சீ, அந்த ரூம் பக்கமே நான் வரமாட்டேன், அருவருப்பா இருக்கு. உன்னுது பல்லிடா. அவர் பல்லியார்."

ஆறு வருஷமாக அவன் இந்த ஜாதியை வீட்டிலேயே வளர்த்து, முட்டை பொரிக்க வைத்து, குட்டி எடுத்து விற்கிறான். கம்ப்ரஸர் செத்த ஒரு பழைய ஃபிரிட்ஜ்தான் பொரிப்பகம். உள்ளே முட்டைகள் டப்பா டப்பாவாக ஈர மணலில், மேல்பக்கம் மாறாமலிருக்க ஒவ்வொன்றிலும் பென்சில் புள்ளி. இருபத்தாறு டிகிரியில் வைத்தால் அநேகமாகப் பெண், முப்பத்திரண்டில் வைத்தால் அநேகமாக ஆண். எல்லாம் சூட்டின் வேலை. இதை யாரிடமாவது சொல்லத் துடித்தபடியே இருப்பான். வீட்டில்தான் கேட்க நாதியில்லை.

அப்போதுதான் அக்காவின் கையில் கட்டியிருந்த பட்டுப் பொட்டலத்தைப் பார்த்தான்.

"இது என்ன?"

"பல்லியார் உரிச்ச தோல். கட்டி கரையுறதுக்கு. வாரத்துக்கு ஒண்ணு மாத்தணும்."

அவனுக்குச் சுரீரென்றது. இந்தப் பல்லி தோலை உரித்தால் அந்த நிமிஷமே அதைத் தானே தின்றுவிடும். யாருக்கும் பிரசாதம் மிச்சம் வைக்காது. அக்கா தடுப்பதற்குள் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே வெங்காயத் தோல். இளஞ்சிவப்பாக, வாசனையோடு.

"பாரு! மோந்து பாரு!"

அக்கா முகர்ந்தாள். முகம் ஒரு கணம் மாறியது. அடுத்த கணம் தெளிந்துவிட்டது. "நீ நம்பிக்கையில்லாம பிரிச்சே, அதான் மாறிப்போச்சு."

நம்பிக்கை என்பது எப்பேர்ப்பட்ட வசதி பாருங்கள்! பல்லித் தோல் வெங்காயத் தோலானால் அற்புதம். ஆகாவிட்டாலும் அற்புதம். அவன் வீட்டுக்கு வந்தான். கட்டி காத்திருக்காதே, அது எந்தக் குகைக்குள்ளும் போகாதே என்ற ஒரே பயம்.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. மாடி ஹாலில் ஏ.சி. சரியாகக் குளிரவில்லையாம்.

முகத்தில் தூசி மாஸ்க்கோடு போனான். தொண்டர் ஐயாவே கதவைத் திறந்தார். "ஹால் ஐஸ் மாதிரி இருக்கணும் தம்பி. பல்லியாருக்குச் சூடு ஆகாது."

சூடு ஆகாதா? சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காத ஜீவன் அது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினான். வேலை வேலைதான். பிறகு பெட்டியை எட்டிப் பார்த்தான். பல்லியாரின் வலது பின்காலில் ஒரு விரல் இல்லை. குட்டியாக இருக்கும்போது தோல் சரியாக உரியாமல் இறுக்கி, அவன் கண்ணெதிரே உதிர்ந்த விரல் அது. அவனுடைய ஃபிரிட்ஜில், இருபத்தாறு டிகிரியில் பொரிந்த பெண் குட்டி. ஐயா, பிரபு என்று ஊரே கும்பிடுகிறது, அதுவோ முட்டையிடுகிற வயசுப் பெண்.

தொண்டரின் குரலும் பிடிபட்டுவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால், தாடியில்லாமல், இதை வாங்கிப் போனவர். "இது ஏங்க எப்பவும் ஒரே பக்கமாப் போய்ப் படுத்துக்குது?" என்று கேட்டார். கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று அவன் டீ கொடுத்து ஒரு மணி நேரம் விளக்கினான். குளிர்ந்திருந்தால் சூடான பக்கம் தேடிப் போகும், அடியில் ஹீட்டர் விரிப்பைப் போட்டால் நேரே அங்கேதான் என்று வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தான். அட கடவுளே, பாடம் நடத்தியதே நான்தானா!

தொண்டர் வரிசையைப் பார்க்க வெளியே போன நேரம், பெட்டி இருந்த மேஜையின் விரிப்பைத் தூக்கினான். இரண்டு குகைக்கும் அடியில் இரண்டு ஹீட்டர் விரிப்பு. கம்பளத்துக்குக் கீழே ஒயர் ஓடி, தொண்டர் உட்காரும் நாற்காலியின் காலடியில் இரண்டு ஸ்விட்ச். கால் மணி நேர மௌனம் எதற்கு என்று இப்போது புரிந்தது. தகரம் சூடாக வேண்டாமா? அக்காவுக்கு ஏன் 'வேண்டாம்' என்பதும் புரிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவள் ஆஸ்பத்திரிக்குப் போவாள். செய்துகொள்ளாதவள்தான் வாராவாரம் வெங்காயத் தோலுக்கு வருவாள். "ஒரு சாமான் எடுத்துட்டு வரேங்க" என்று கிளம்பினான்.

திரும்பி வந்தபோது ஹால் நிரம்பியிருந்தது. மூன்றாவது வரிசையில் அக்கா, புதுப் பொட்டலத்துக்காக. மேடையில் கணக்கு வாத்தியாரின் கேள்வி: மகனை வெளியூர் வேலைக்கு அனுப்பலாமா? துணி மூடி, தொண்டர் கண் மூடி, மௌனம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் ஏ.சி. பக்கம் போகிறவன்போலப் போய், சுவரிலிருந்த ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினான்.

துணி விலகியது. பல்லியார் நடுவில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. தொண்டரின் கால் கம்பளத்தின் மேல் படபடவென்று மிதித்தது.

"பல்லியாருக்கு இன்னைக்குக் கோபம்" என்றார் தொண்டர்.

"கோபமில்லைங்க, கரண்ட் இல்லை" என்று மெக்கானிக் பிளக்கைத் தூக்கிக் காட்டினான். மாஸ்க்கைக் கழற்றினான். தொண்டரின் தாடி மட்டும் முகத்தில் நின்றது, முகம் எங்கோ போய்விட்டது.

"யாருடா நீ? தெய்வ நிந்தனை!" என்று கூட்டம் எழுந்தது.

"அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்க. அஞ்சு நிமிஷம் குடுங்க. அக்கா, இங்க வா." கரண்ட் போனால் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைக்கிற வெந்நீர்ப் பையைத் துண்டிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தான். "நான் தொடமாட்டேன். உனக்கு எந்தப் பக்கம் தோணுதோ அந்தக் குகைக்குக் கீழே வை."

அக்கா அவனை முறைத்தாள். இவனுக்காக இல்லாவிட்டாலும் இவன் தோற்றுப்போவதைப் பார்க்கவாவது வைக்கிறேன் என்கிற முகம். பையை 'வேண்டாம்' பக்கத்துக்கு அடியில் செருகினாள். கொஞ்ச நேரம் கழித்து பல்லியார் தலையைத் தூக்கினார். மெல்ல நடந்தார். 'வேண்டாம்' குகைக்குள் போய்ச் சுருண்டார்.

யாரும் சொல்லாமலே அக்கா பல்லியாரை எடுத்து நடுவில் விட்டாள். அருவருப்பெல்லாம் எங்கே போனதோ. பையை உருவி 'ஆம்' பக்கத்துக்கு மாற்றினாள். தகரம் ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் சூடேறும்வரை கண்கொட்டாமல் நின்றாள். பல்லியார் திரும்பினார். நடந்தார். 'ஆம்' குகைக்குள் போனார்.

"அடப்பாவி" என்றாள் அக்கா. "என் உசிரையாடா ஒரு வெந்நீர்ப் பைகிட்ட கேட்டுக்கிட்டு நின்னேன்?"

விஷயம் இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பின்வரிசை வக்கீல் எழுந்து, கைகூப்பி, பெட்டியைப் பார்த்துக் கேட்டார்: "பல்லியாரே! இந்தத் தொண்டன் மோசக்காரனா?"

பல்லியார் சூடான 'ஆம்' குகையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, ஒருமுறை கண் சிமிட்டினார்.

"உத்தரவாயிடுச்சு! பல்லியாரே சொல்லிட்டார்!" என்று ஹால் அதிர்ந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன. தொண்டர் தாடியைப் பிடித்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கி ஓடினார். பஸ் நிறுத்தம் வரை நின்ற அதே வரிசை, இப்போது வரிசை கலைந்து அவரைத் துரத்தியது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். கண்ணால் பார்த்தது போதவில்லை, கையில் கொடுத்ததும் போதவில்லை. பல்லி சொன்ன பிறகுதான் பல்லி சொல்வது பொய் என்று நம்பினார்கள்.

அக்கா மட்டும் யாரையும் துரத்தவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை இடம் இன்னும் இருந்தது.

கட்டியை எடுத்தார்கள். பரிசோதனையில் ஆரம்ப நிலைப் புற்று என்று வந்தது. "சரியான நேரத்துல வந்தீங்க, ஆறு மாசம் விட்டிருந்தா பேச்சே வேற" என்றார் டாக்டர். மெக்கானிக் ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான்.

தையல் பிரித்த பிறகு அக்கா தம்பி வீட்டில் வந்து தங்கினாள். பல்லியாரை அவன் அன்றைக்கே ஹாலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். நாலாம் நாள் காலை வாசலில் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் வரிசை. முதலில் கணக்கு வாத்தியார், பின்னால் வக்கீல், அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர்.

"பல்லியார் இப்ப இங்கதான் இருக்காராமே?" என்றார் வாத்தியார் பணிவாக. "அந்த ஆள் ஃபிராடு, சரி. ஆனா பல்லியார் மேல என்னங்க தப்பு? ஒரே ஒரு கேள்விதாங்க. மகனை அனுப்பலாமா, வேண்டாமா?"

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தனூண்டு மண்டை அதுக்கு. குளிருதே, சூடு எங்கேன்னு அதை வெச்சு அதுவே தேடிக்குது, யார்கிட்டயும் வரிசையில நின்னு கேக்கலை. உங்க கழுத்துக்கு மேல அம்மாம்பெருசா ஒண்ணு இருக்கே வாத்தியாரே, அதைத் தலை சீவிக்க மட்டுமா வெச்சிருக்கீங்க?"