உன் அண்ணிக்கு வந்த சாத்துக்குடி

எம்.ரெட்டியபட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை செல்வலட்சுமிக்கு, அண்ணன் பூமிநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் இரண்டு ஆடுகளும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆடுகள் நலம். போனில் சொல்லியிருப்பேன், உன் வீட்டுக்காரர் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். இதைப் படித்ததும் நீ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். பிறகு கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

எனக்கு மார்பில் புற்றுநோய். தப்பாக எழுதவில்லை, மீசை வைத்த எனக்குத்தான். இடது காம்புக்குப் பின்னால் ஒரு கட்டி. பருத்திக்கு மருந்தடித்தபோது ஏதோ பூச்சி கடித்தது என்று மஞ்சளைப் பூசிக்கொண்டு திரிந்தேன். உன் அண்ணி தங்கத்தாய்தான் சட்டையைப் பிடித்து மதுரைக்கு இழுத்துப் போனாள். "ஆம்பளைக்குமா இது வரும்?" என்றேன். "அபூர்வமா வரும். உங்களுக்கு வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. அறுத்து எடுத்துவிட்டார்கள். இப்போது தினம் ஒரு மாத்திரை. பெண்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரையாம். மருந்துக் கடைக்காரன், "அக்கா எப்படி இருக்காக?" என்று கேட்டுத்தான் எடுத்துத் தருகிறான். "இருக்காக" என்று வாங்கி வருகிறேன்.

ஊரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டது. பஸ் ஏறும்போது ஃபைல் அவள் கையில் இருந்தது, அதனால் நோயும் அவளுக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வந்து குவிந்தன. நான் வாய் திறக்கப் போனேன். "சும்மா இருங்க. ஒங்களுக்கு வெக்கமா இருந்தா, எனக்குன்னே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அவள் வாசலில் உட்கார்ந்து ஆறுதல் கேட்பாள், நான் உள்ளே உட்கார்ந்து சாத்துக்குடி தின்பேன். பம்புசெட்டில் பனியனைக் கழற்றாமல் குளிக்கிறேன். "ஏலே, குளிருதா ஒனக்கு?" என்று சித்திரை வெயிலில் கேட்கிறான் பக்கத்துக் காட்டு வீரணன்.

போன வாரம் வரை இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். சங்கரம்மாள் மகள் வளைகாப்பில் உன் அண்ணி வளையல் போட எழுந்தபோது, "நீ உக்காரு தாயி, முடியாத ஒடம்பு" என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டார்களாம். காப்பியும் அவளுக்கு மட்டும் காகிதக் கப்பில். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். என் நோய்க்கு அவள் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது உன் விஷயம். என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இது குடும்பத்தில் வருகிற வகை, கூடப் பிறந்தவர்களும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. நம் அம்மா கடைசி வரை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறதா? ஆறாத புண் என்றார்கள். அதுவும் இதுதான். இப்போது முன்கூட்டியே கண்டுபிடித்தால் எத்தனையோ வைத்தியம் இருக்கிறதாம். போய்ச் சோதித்துக்கொள், செல்வி. என்னை நினைத்துக்கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. மாப்பிள்ளையிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல். என் பேரை மட்டும் இழுக்காதே.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. நம் குலசாமி ஸ்கேன் அறை வரைக்கும் உனக்குத் துணை வரட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் பூமிநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டேன். உன் அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "அத்தையும் இப்பிடித்தான மூடி மூடி வச்சாக" என்றாள். அவ்வளவுதான். நான் நேராகப் பம்புசெட்டுக்குப் போய்ப் பனியனைக் கழற்றிவிட்டுக் குளித்தேன். வீரணன் கையிலிருந்த சோப்பு வாய்க்காலோடு போய்விட்டது. இந்நேரம் ஊருக்கே தெரிந்திருக்கும். நீ கடிதத்தைக் கிழிக்காதே, கண் டாக்டர் கதையும் வேண்டாம். இது வந்து சேர்ந்ததும் எனக்குப் போன் போடு. மாப்பிள்ளையை ஸ்பீக்கரில் போடச் சொல்.